ஆபீசர் வரும் நேரம்

"வண்டி ஸ்டார்ட் ஆகுதான்னு மட்டும் பாத்து வைங்க மாமா" என்று மச்சினன் போனில் சொன்னான். அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அவன் ஸ்கூட்டர்மேல் கிடந்த உறையை எடுத்தான். யாரும் சொல்லாவிட்டால் அது இன்னொரு ஏழு மாதம் அப்படியே நின்றிருக்கும்.

ஸ்கூட்டர் அவன் மனைவியுடையது. மருந்துக்கடையில் வேலை கிடைத்தபோது அவள் அப்பா வாங்கிக் கொடுத்தது. ஆறு வருடம் ஓட்டினாள். பிறகு ஒரு காய்ச்சல் வந்தது. ஆறே நாள், அதோடு சரி. இப்போது அவள் தம்பிக்கு ஊருக்கு வெளியே ஒரு கிடங்கில் வேலை கிடைத்திருந்தது. போக இரண்டு பஸ் மாற வேண்டும். அடுத்த மாதம் முதல் திங்கட்கிழமை சேரச் சொல்லியிருந்தார்கள். அக்கா வண்டி சும்மாதானே நிற்கிறது என்று கேட்டான். நியாயமான கேள்வி. "எடுத்துக்கோ" என்று சொல்லிவிட்டான். அவள் போனதிலிருந்து யார் எதைக் கேட்டாலும் அவன் சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான். சரி என்றால் பேச்சு சீக்கிரம் முடிந்துவிடும்.

பேட்டரி செத்துப் போயிருந்தது. உதைத்தான். நாலு உதைக்கு வண்டி இருமியது. ஐந்தாவது உதைக்குக் கிளம்பிவிட்டது.

சைலன்சர்மேல் ஒரு தகடு உண்டு. அதன் திருகாணி ஒன்று எப்போதோ எங்கேயோ விழுந்துவிட்டது. அதனால் வண்டி ஓடினால், தகர டப்பாவுக்குள் கூழாங்கல்லைப் போட்டு ஆட்டியதுபோல் லொடலொடவென்று சத்தம் வரும். அவன் ஒரு காது மூக்கு தொண்டை கிளினிக்கில் காது கேட்கும் திறனைச் சோதிக்கிறவன். "காது டெஸ்ட் பண்றவன் பொண்டாட்டி ஊர்க் காதையெல்லாம் செவிடாக்குறா" என்று கிண்டல் செய்வான். "ஆக்கட்டுமே, உங்க கிளினிக்குக்கு ஆள் வேணுமில்ல" என்பாள் அவள். திருகாணி மாட்டச் சொன்னால் மாட்ட மாட்டாள். தான் வந்துவிட்டது தெருவுக்கே தெரிய வேண்டுமாம்.

அந்தச் சத்தம் ஏழு மாதத்துக்குப் பிறகு சுவரில் மோதித் திரும்பியது. அவன் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றான். அப்போதுதான் ஆபீசர் ஓடி வந்தது.

ஆபீசர் என்பது அந்தத் தெரு நாய். பழுப்பு நிறம், இடது காதில் ஒரு கிழிசல். பேர் வைத்தது அவன் மனைவிதான். தெருவுக்குள் எந்த வண்டி வந்தாலும் எழுந்து போய்ச் சக்கரத்தை மோந்து பார்த்து, அனுமதி கொடுத்ததுபோல் திரும்பி வந்து படுத்துக்கொள்ளும். அதற்கு இந்தத் தெரு மனிதர்கள் எல்லோரும் மனப்பாடம். குனிந்தால் கல், கையை நீட்டினால் ரொட்டி. போனில் கத்துகிறவர் தன்மேல் கோபமாக இல்லை. பால்காரர் காலையில் நல்லவர், சாயங்காலம் ஆகாது. குழந்தையைத் தூக்கி வருகிறவர்களுக்கு வழி விட வேண்டும். ரொட்டிக் கடைக்காரர் கதவைப் பாதி இறக்கினால் மீந்துபோன ரொட்டி வரும், முழுதாக இறக்கினால் வராது. தெரிந்ததை வைத்துக்கொண்டு யாருக்கும் தொந்தரவில்லாமல் அது பிழைத்து வந்தது.

அவனிடம் அது வந்ததே இல்லை. அவன் கல்லும் எறிந்ததில்லை, ரொட்டியும் போட்டதில்லை. அதன் கணக்கில் அவன் ஒரு விளக்குக் கம்பம்.

அவளிடம் மட்டும் வேறு மாதிரி. அவள் பெரிதாக ஒன்றும் கொடுத்ததில்லை. தெருமுனையில் வண்டி திரும்பும்போதே அது எழுந்து ஓடும். வண்டியின் முன்னால் வழி காட்டுவதுபோல் வீட்டு வாசல்வரை வரும். அவள் இறங்குவதற்கு முன் ஒரு காலை நீட்டிச் செருப்பால் அதன் வயிற்றைத் தடவிக் கொடுப்பாள். அவ்வளவுதான் அவர்களுக்குள். "அதுக்கு ஏதாவது போட்டுப் பழக்கியிருப்ப" என்று அவன் ஒருமுறை சொன்னான். "பிஸ்கட்டுக்கு வர்றது வேற, ஆளுக்கு வர்றது வேற. உங்களுக்கு அது புரியாது" என்றாள்.

இப்போது அது இரண்டு வீடு தள்ளியிருந்த மணல் குவியலிலிருந்து பாய்ந்து வந்தது. காதுகள் பின்னால் படிந்திருந்தன, வால் உடம்பையே ஆட்டியது. ஸ்கூட்டரைச் சுற்றி வந்தது. கால் வைக்கும் இடத்தில் மூக்கை வைத்தது. இருக்கையைப் பார்த்தது. அங்கே யாரும் இல்லை. உள்ளே இருப்பாளோ என்பதுபோல் வீட்டுக் கதவைப் பார்த்தது. கடைசியாக, வேறு வழி இல்லாமல், அவன் முகத்தைப் பார்த்தது.

அவன் வண்டியை அணைத்தான். நாய் கொஞ்சம் நின்றது. பிறகு மணலுக்குத் திரும்பிப் போனது. போகும்போது ஒருமுறை நின்று திரும்பிப் பார்த்தது.

அவன் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தான்.  ஏழு மாதத்தில் முதல்முறையாக ஏதோ நடந்திருக்கிறது என்று தோன்றியது. அவள் இல்லை என்பது உலகத்துக்கே தெரியும். பாங்கிக்குத் தெரியும், மருந்துக்கடைக்குத் தெரியும், அவன் அம்மாவுக்கும் அவள் அம்மாவுக்கும் தெரியும். தெரிந்த முகத்தோடுதான் எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். தெரியாத ஓர் உயிர் மிச்சம் இருந்திருக்கிறது. அரை நிமிடத்துக்கு அவள் அதற்கு வந்துவிட்டவளாக இருந்தாள்.

மச்சினனுக்குப் போன் செய்தான். "வண்டி ஸ்டார்ட் ஆகல. ஏதோ கோளாறு. நான் பாத்துச் சொல்றேன்" என்றான்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு, வேலைக்குக் கிளம்பும் முன், மறுபடி உதைத்தான். ஆபீசர் ஓடி வந்தது. சுற்றியது, மோந்தது, கதவைப் பார்த்தது, அவனைப் பார்த்தது. அணைத்தான். போய்விட்டது.

அதன் பிறகு அது தினசரி வேலையாகிவிட்டது. ஒரு நாளைக்கு ஒரே தடவைதான். அதற்கு மேல் அவன் உதைக்கவில்லை. ஒரே ஒலியை விடாமல் கொடுத்தால் காது அலுத்துப்போய், கேட்டாலும் கேட்காததுபோல் ஆகிவிடும் என்பது அவன் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். சத்தம் தீர்ந்துவிடக் கூடாது என்று பயந்தான். தான் செய்வது அந்த வாயில்லாத ஜீவனை ஏமாற்றுகிற வேலை என்றும் தெரிந்தது. தெரிந்தும் காலையில் விழிப்பு வந்ததும் கால் தானாக ஸ்கூட்டர் பக்கம் போனது.

மச்சினன் நாலு நாளைக்கு ஒருமுறை கேட்டான். "பிளக்குல அடைப்பாம்" என்று ஒருமுறை பதில் சொன்னான். "பார்ட்ஸ் வரணுமாம்" என்றான் அடுத்த முறை. மாமியாரும் ஒருநாள் பேசினார். "மாப்பிள்ளை, உங்களுக்குக் குடுக்க மனசில்லைன்னா சொல்லிடுங்க. அவன் பஸ்ஸிலயே போயிக்குவான். நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்."

"அதெல்லாம் இல்ல அத்தை. ரிப்பேர்தான்."

பொய் சொல்லிப் பழக்கம் இல்லாதவன். மூன்று வாரத்தில் நன்றாகத் தேறிவிட்டான்.

கிளினிக்கில் அவனுக்குக் காலை ஒன்பதரையிலிருந்து இரவு ஏழரை வரை வேலை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சின்ன அறையில் நோயாளி உட்காருவார். காதில் ஹெட்போன், கையில் ஒரு பொத்தான். இந்தப் பக்கம் அவன் ஒவ்வொரு ஒலியாகக் கொடுப்பான். கேட்டால் பொத்தானை அமுக்க வேண்டும். நடு நடுவே ஒன்றும் கொடுக்காமல் சும்மா இருப்பான். அப்போதும் சிலர் அமுக்குவார்கள். பெரும்பாலும் வயதானவர்கள். ஏமாற்றுவதற்காக இல்லை. இந்நேரம் கேட்டிருக்க வேண்டுமே என்று கை அமுக்கிவிடும். அப்படி அமுக்கினால் அவன் தாளில் ஒரு சின்னப் பெருக்கல் குறி போடுவான். பிழை என்று அர்த்தம். ஒரே ஆள் அதிகம் பிழை செய்தால் சோதனையை முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

மூன்றாவது வாரம் புதன்கிழமை அவன் வேலையில் இருந்தபோது மச்சினன் வந்து போயிருக்கிறான். எட்டு மணிக்கு வீடு திரும்பியபோது மாடியிலிருந்து வீட்டுக்கார அம்மா எட்டிப் பார்த்துச் சொன்னார். அவருக்கு வீடு மேலே. அவன் குடியிருந்தது கீழே. பகல் முழுக்க அவர் பால்கனியில்தான் இருப்பார். தெருவில் ஈ பறந்தாலும் அவருக்குத் தெரியும்.

"உங்க மச்சினன் வந்தாரு தம்பி. முனைக் கடை மெக்கானிக்கைக் கையோட கூட்டிட்டு வந்து வண்டியைத் தள்ளிட்டுப் போனாங்க. சாயங்காலம் கொண்டாந்து விட்டுட்டாங்க. உங்களுக்குத் தொந்தரவு குடுக்க வேணாம்னு சொன்னாரு. நல்ல பையன்."

சாவி மாமியாரிடம் ஒன்று இருந்தது அவனுக்கு மறந்தே போயிருந்தது.

வண்டி பளபளவென்று நின்றது. அவன் தொட்டுப் பார்க்கவில்லை. இரவு முழுக்கப் புரண்டு படுத்தான். காலை ஏழு மணிக்கு வண்டியிடம் போனான். உதைக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. புது பேட்டரி. பொத்தானைத் தொட்டதும் பூனைமாதிரி உறுமிக்கொண்டு கிளம்பியது. லொடலொட இல்லை.

ஆபீசர் மணல் குவியல்மேல் படுத்திருந்தது. ஒரு காதைத் திருப்பியது. ஏதோ ஒரு வண்டி. காதை மறுபடி மடித்துக்கொண்டது.

அவன் ஆக்சிலேட்டரை முறுக்கினான். இன்னும் முறுக்கினான். மாடியில் வீட்டுக்கார அம்மா இருமினார். நாய் எழுந்திருக்கவே இல்லை.

அன்று கிளினிக்குக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டே மெக்கானிக் கடைக்குப் போனான்.

"என்ன தம்பி, தள்ளிட்டு வரீங்க? நேத்துத்தான ராஜாமாதிரி ஓடுச்சு" என்று மெக்கானிக் கையைத் துணியில் துடைத்தபடி எழுந்தார்.

"ஓடுது."

"அப்புறம்?"

"சத்தம் போயிடுச்சு."

"அட, அதுக்குத்தானே ரிப்பேர் பண்ணினோம். சைலன்சர் தகடு துருப்பிடிச்சு ஓட்டையா இருந்துச்சு. வீசிட்டுப் புதுசு மாட்டியிருக்கேன். நாலு திருகாணியும் இறுக்கிட்டேன். இப்ப தூங்குற கொழந்தைகூட எந்திரிக்காது."

"பழைய சத்தம் வேணும்."

மெக்கானிக் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "இருபத்திரெண்டு வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன் தம்பி. சரியா இருக்கிறதைக் கெடுத்துக் குடுங்கன்னு கேட்ட மொத ஆளு நீங்கதான். டாக்டர் கடையில வேலைன்னு சொன்னீங்கல்ல? அங்கேயே ஒரு தடவை காட்டிக்கங்க."

அவன் சிரிக்கவில்லை. நின்றுகொண்டே இருந்தான். அவர் சிரிப்பும் மெல்ல நின்றது.

"பழைய தகடு எங்க?"

"செவ்வாய், புதன் ரெண்டு நாளும் சேந்த பழைய இரும்பு எல்லாம் நேத்து ராத்திரியே லாரியில போயிடுச்சு. என்ன விஷயம்? சொன்னாத்தான தெரியும்."

அவன் சொன்னான். நாய், சத்தம், காலை ஏழு மணி. நாலே வாக்கியம். இதுவரை யாரிடமும் சொல்லாதது. சொன்னபோது பைத்தியக்காரத்தனமாகத்தான் இருந்தது, அவன் காதுக்கே.

மெக்கானிக் மூலையில் வைத்திருந்த பழைய உதிரிப் பாகங்களைக் கிளறினார். இன்னொரு பழைய ஸ்கூட்டரின் தகடு ஒன்றை எடுத்தார். புதியதைக் கழற்றிவிட்டு அதை மாட்டினார். ஒரு திருகாணியை விட்டுவிட்டு மற்றதை இறுக்கினார். "போட்டுப் பாருங்க."

லொடலொட. கிட்டத்தட்ட அதே மாதிரி. அவன் காதுக்கு அதுவேதான். சத்தத்தில் பழகிய தொழில்காரன், அவனாலேயே வித்தியாசம் சொல்ல முடியவில்லை. அவசரமாக ஓட்டிக்கொண்டு தெருவுக்கு வந்தான். முனையில் திரும்பினான். மணல் குவியலைத் தாண்டினான்.

ஆபீசர் தலையைத் தூக்கியது. அவன் மூச்சைப் பிடித்தான். அது கேட்டது. முழுதாக, கவனமாக, ஒரு நொடி கேட்டது. பிறகு தலையை முன்னங்கால்கள்மேல் வைத்துக்கொண்டது.

மறுநாளும் போனான். வேறு தகடு மாட்டிப் பார்த்தார்கள். திருகாணியை அரைச் சுற்றுத் தளர்த்தினார்கள், கால் சுற்று இறுக்கினார்கள். மெக்கானிக் தன் வேலையை விட்டுவிட்டு அவனோடு தெருமுனைவரை நடந்து வந்து நாயின் காதைக் கவனித்தார்.

"ஏமாற மாட்டேங்குது தம்பி" என்றார் கடைசியில். "நமக்குத்தான் எல்லா லொடலொடவும் ஒண்ணு." கொஞ்சம் பொறுத்து, "பழசை நான் வீசியிருக்கக் கூடாது" என்றார்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்."

"தெரியாதுதான். ஆனாலும்." புதுத் தகட்டையே திரும்ப மாட்டி, நாலு திருகாணியையும் இறுக்கிக் கொடுத்தார்.

சனிக்கிழமை மாலை ஐந்தரைக்கு மச்சினன் வந்தான். கிளினிக்கில் டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டு அவன் அன்று சீக்கிரமே வீட்டுக்கு வந்திருந்தான். மச்சினன் வாசலிலேயே நின்றான். அக்கா இல்லாத வீட்டுக்குள் வர அவனுக்குக் கால் வரவில்லை போலும்.

"மாமா, அம்மா சொன்னாங்க. உங்களுக்குக் கஷ்டமா இருந்தா வேணாம். நெஜமாத்தான் சொல்றேன்."

"எடுத்துட்டுப் போ. நின்னா வீணாப் போயிடும்."

"சத்தமே இல்லாம ஓடுது இல்ல? மெக்கானிக் நல்லாப் பண்ணியிருக்காரு. அக்கா ஓட்டும்போது என்னமா லொடலொடக்கும். நான் எத்தனை தடவை திட்டியிருக்கேன்." சொல்லிவிட்டுக் கண்ணாடியைத் திருப்பி வைக்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"பாத்துப் போ. பிரேக் கொஞ்சம் தளர்வா இருக்கும். இடது பக்கம்."

"சரி மாமா."

ஆபீசர் வழக்கம்போல எழுந்து சக்கரத்தை மோந்து அனுமதி கொடுத்துவிட்டுப் படுத்துக்கொண்டது. ஆபீசர் வழக்கம்போல எழுந்து சக்கரத்தை மோந்து அனுமதி கொடுத்துவிட்டுப் படுத்துக்கொண்டது. எண்ணெய்க் கறை படிந்த நீள்சதுரம் ஒன்று சுவரோரம் மிஞ்சியது. அவன் வாசற்படியில் உட்கார்ந்தான். உள்ளே போய் விளக்கைப் போட வேண்டும். எழுந்திருக்கத் தோன்றவில்லை. முடிந்தது என்று நினைத்தான். இனி உலகத்தில் யாரும் அவள் வருவாள் என்று நினைக்கப்போவதில்லை. அந்த அரை நிமிடமும் போய்விட்டது. போக்கினது தானேதான். ஒழுங்காக முதல் நாளே கொடுத்திருந்தால் தகடாவது பிழைத்திருக்கும்.

வெயில் சுவரிலிருந்து இறங்கியது. ரொட்டிக் கடைக்காரர் கதவைப் பாதி இறக்கினார். ஆபீசர் எழுந்தது. ரொட்டிக் கடைக்குத்தான் போகும் என்று நினைத்தான். அது போகவில்லை. உடம்பை முறித்துக்கொண்டு நேராக அவன் வீட்டு வாசலுக்கு நடந்து வந்தது. அவனைப் பார்க்கவில்லை. அவனுக்கு மூன்றடி தள்ளி, தெருமுனையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தது. முதுகு நேராக, காதுகள் முன்னால்.

தெருவில் எந்தச் சத்தமும் இல்லை. அவன் மணியைப் பார்த்தான். ஆறு நாற்பது. மருந்துக்கடையிலிருந்து அவள் வீடு வந்து சேரும் நேரம்.

"என்ன தம்பி, இன்னிக்கு நீங்களும் இருக்கீங்களா ஆபீசரோட?" என்றார் வீட்டுக்கார அம்மா மாடியிலிருந்து.

அவன் அண்ணாந்து பார்த்தான். "நீங்களும்னா?"

"அது தினமும் வர்ற நேரம்தானே."

"தினமுமா?"

"ஆமா. உங்க வீட்டம்மா போனதுலேருந்து ஒருநாள் தவறல. மழையிலகூட வந்து உக்காரும். ஞாயித்துக்கிழமை மட்டும் வராது. கடை லீவுன்னு அதுக்குத் தெரியும்." துணியை உதறிக் கொடியில் போட்டார். "நீங்க எட்டு மணிக்கு வர்ற ஆளு. உங்களுக்கு எப்படித் தெரியும். சொல்லலாம்னுதான் இருந்தேன். எதுக்கு உங்களை நோகடிக்கணும்னு விட்டுட்டேன்."

"எவ்வளவு நேரம் இருக்கும்?"

"ஏழு, ஏழேகால். அப்புறம் எந்திரிச்சுப் போயிடும். ரொட்டிக் கடை அதுக்குள்ள சாத்திடும். பட்டினி கெடந்தாலும் பரவால்லைன்னு இங்கதான் உக்காந்திருக்கும், திமிரு புடிச்சது."

அவர் உள்ளே போய்விட்டார். அவன் நாயைப் பார்த்தான். சத்தத்தால்தான் அது வருகிறது என்று மூன்று வாரம் நினைத்துக்கொண்டிருந்தான். காலையில் அவன் உதைத்து உதைத்து அதற்கு என்ன செய்திருக்கிறான் என்று இப்போது புரிந்தது. சாயங்காலம் வர வேண்டியவளைக் காலையிலேயே வந்துவிட்டாள் என்று ஓடவிட்டிருக்கிறான். அதுவும் ஒவ்வொரு நாளும் வந்து, பார்த்து, இல்லை என்று தெரிந்துகொண்டு போய், சாயங்காலம் மறுபடி இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறது. அவனுடைய உதவி அதற்கு ஒருநாளும் தேவைப்பட்டிருக்கவில்லை.

ஒரு ஸ்கூட்டர் முனையில் திரும்பியது. இரண்டு பேரும் பார்த்தார்கள். வேறு யாரோ. நாயின் காது தளர்ந்து மறுபடி நிமிர்ந்தது.

அவன் நகர்ந்து அதன் பக்கத்தில் உட்காரவில்லை. மூன்றடி இடைவெளி அப்படியே இருந்தது. கையை நீட்டவும் இல்லை. முனையை மட்டும் பார்த்தான். வெகுநாளாக அந்தப் பக்கம் அவன் பார்த்ததே இல்லை. ஏழே காலுக்கு ஆபீசர் எழுந்தது. போகும் முன் அவன் காலருகே வந்து செருப்பை ஒருமுறை மோந்து பார்த்தது. பிறகு மணலுக்குப் போய்விட்டது.

திங்கட்கிழமை ஒரு பெரியவர் சோதனைக்கு வந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பொத்தானை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவன் ஒலி கொடுத்தான், அமுக்கினார். கொடுத்தான், அமுக்கவில்லை. பிறகு அவன் சும்மா இருந்தான். பெரியவர் தலையை ஒரு பக்கம் சாய்த்து, மூச்சுகூட விடாமல், காத்திருந்தார். அமுக்கினார். இந்தப் பக்கம் விளக்கு எரிந்தது. அவன் பேனாவைத் தாளில் வைத்தான். குறி போடுவதற்குக் கொஞ்ச நேரம் ஆனது.

மதியம் டாக்டரம்மாவின் அறைக்குப் போனான்.

"மேடம், நாளைலேருந்து காலைல எட்டரைக்கே வந்துடறேன். சாயங்காலம் ஆறு மணிக்குக் கிளம்பிக்கிறேன்."

"தாராளமா. ஏன், வீட்டுக்கு யாராவது வர்றாங்களா?" என்று கேட்டுவிட்டு அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். அவருக்கும் எல்லாம் தெரியும்.

"இல்ல மேடம்" என்றான் அவன். "ஆனா ஆறு நாப்பதுக்கு நான் வாசல்ல இருக்கணும்."